ஏரிப் படகு ஏழையின் கைக்கு வந்த கதை



ஏரியில் உல்லாசமாகப் படகு விடுவது என்றதும் நம்மில் பலருக்கு என்ன தோன்றும்? "அது பணக்காரர்களின் பொழுதுபோக்கு, நமக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?" என்றுதான் தோன்றும். ஒரு காலத்தில் அது உண்மையாகவும் இருந்தது. படகை வைத்துக்கொள்ள இடம் வேண்டும், பழுது பார்க்க ஆள் வேண்டும், துடுப்புப் போட வேலையாள் வேண்டும், எல்லாவற்றுக்கும் மேலாக ஓய்வு நேரம் வேண்டும். இவை நான்கும் உடையவன் செல்வந்தன் ஒருவனே.

அந்தப் படகு எப்படிச் சாதாரணத் தொழிலாளி ஒருவனும் விலை கேட்டு வாங்கக்கூடிய பொருளாயிற்று? அந்த வரலாற்றைத்தான் இன்று சொல்லப் போகிறேன். இதைக் கேட்டு முடிக்கும்போது, ஒரு படகை வாங்குகிறவன் என்னென்ன பார்க்க வேண்டும் என்பதும் தெரிந்துவிடும். படகே வாங்காதவர்களுக்கும் இதில் ஒரு பயன் உண்டு. அது என்ன என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

கதை அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத்தில் தொடங்குகிறது. ஆயிரக்கணக்கான ஏரிகள் நிறைந்த நாடு அது. குளிர்காலத்தில் உறைந்துவிடும் அந்த ஏரிகள், கோடையில் மக்களின் விளையாட்டு மைதானமாகிவிடும். நார்வே நாட்டில் 1877ஆம் ஆண்டு பிறந்த ஓலே எவின்ரூட் என்பவர், ஐந்து வயதுச் சிறுவனாகப் பெற்றோருடன் 1882இல் அங்கே குடியேறினார். பிழைப்புத் தேடிக் கப்பலேறி வந்த குடும்பம் அது. ரிப்ளி என்ற ஏரியின் அருகே நிலத்தில் பாடுபட்டது. நம் பாட்டன் பூட்டன்மார் கப்பலேறி மலாயாவுக்கு வந்த அதே காலந்தான் அது என்பதை எண்ணிப் பாருங்கள்.

ஓலேக்குப் பள்ளிப் படிப்பு கொஞ்சமே. ஆனால் இயந்திரம் என்றால் உயிர். பதினாறாவது வயதில் வீட்டை விட்டுப் பட்டணம் போய்ப் பட்டறைகளில் வேலை செய்தார். பகலில் உழைப்பு, இரவில் பொறியியல் நூல்களைத் தாமாகவே படிப்பு. இப்படித்தான் அவர் கைதேர்ந்த தொழிலாளியானார்.

1906ஆம் ஆண்டுவாக்கில் ஒரு கோடை நாள். ஒகாச்சீ என்ற ஏரியில் அவர் நண்பர்களுடன் விருந்துண்ணப் போயிருந்தார். பெஸ் என்ற மங்கையும் உடன் இருந்தார். பெஸ் ஐஸ்கிரீம் வேண்டும் என்றாராம். கடையோ அக்கரையில், ஏறத்தாழ இரண்டரை மைல் தொலைவில். ஓலே துடுப்புப் போட்டுக்கொண்டு போனார். திரும்பி வருவதற்குள் வெயிலில் ஐஸ்கிரீம் உருகிவிட்டது. "இந்தத் துடுப்பின் வேலையை ஓர் இயந்திரம் செய்தால் என்ன?" என்று அன்று அவர் எண்ணினார் என்று சொல்லப்படுகிறது. கதையில் கொஞ்சம் மெருகு ஏறியிருக்கலாம். ஆனால் பெஸ் பின்னர் அவருடைய மனைவியானதும், அவர் செய்த இயந்திரமும் வரலாற்று உண்மை.

படகின் பின்பக்கப் பலகையில் கவ்விப் பிடித்து மாட்டி வைக்கும் அந்த மோட்டாரை 1909இல் அவர் விற்பனைக்குக் கொண்டுவந்தார். அதன் சக்தி ஒன்றரைக் குதிரைச் சக்தி. கனம் 62 ராத்தல். இரும்பும் பித்தளையும் சேர்ந்த முரட்டு இயந்திரம். அதற்கு முன்பே காமரன் வாட்டர்மன் என்பவர் இத்தகைய மோட்டார் ஒன்றை விற்றிருந்தார். ஆனால் ஊர் ஊராகப் பரவியது எவின்ரூட்டின் மோட்டார்தான். அதற்குக் காரணம் பெஸ் அம்மையார். கணக்கு எழுதியவரும் அவர். கடிதம் எழுதியவரும் அவர். துடுப்பைத் தூக்கி எறியுங்கள் என்ற கருத்தில் விளம்பரம் எழுதியவரும் அவரே. கணவன் பட்டறையைப் பார்த்தார். மனைவி வாணிபத்தைப் பார்த்தார்.

நேயர்களே, இந்த மோட்டாரால் நேர்ந்த பெரிய மாற்றம் வேகம் அன்று. இயந்திரம் வேறு, படகு வேறு என்று பிரிந்ததுதான் அந்த மாற்றம். அதற்கு முன் இயந்திரப் படகு வேண்டுமென்றால், உள்ளே இயந்திரம் பொருத்திய பெரிய படகையே வாங்க வேண்டும். இப்போதோ, கைவசம் உள்ள பழைய துடுப்புப் படகிலேயே மோட்டாரை மாட்டலாம். மாலையில் கழற்றி வீட்டுக்குக் கொண்டுபோகலாம். மீனவனுக்கும் இது பயன்பட்டது. குடும்பத்தோடு ஏரிக்குப் போகிறவனுக்கும் பயன்பட்டது.

ஆனால் 62 ராத்தலைத் தூக்குவது எளிதன்று. பெஸ் அம்மையாரின் உடல்நலம் குன்றியதால் 1914இல் எவின்ரூட் தம் நிறுவனப் பங்கை விற்றுவிட்டு ஓய்வெடுத்தார். பிறகு திரும்பி வந்து, அலுமினியத்தால் புதிய மோட்டார் ஒன்றை வடிவமைத்தார். சக்தி மூன்று குதிரைச் சக்தியாக உயர்ந்தது. கனமோ 48 ராத்தலாகக் குறைந்தது. 1922இல் ஜான்சன் என்ற போட்டி நிறுவனம் 35 ராத்தல் மோட்டாரைக் கொண்டுவந்தது. பதின்மூன்று ஆண்டுகளில் கனம் ஏறக்குறையப் பாதியாகிவிட்டது. எவின்ரூட் 1934இல் காலமானார். அவர் பெயரைத் தாங்கிய மோட்டார்கள் 2020ஆம் ஆண்டு வரை உற்பத்தியாகி, அந்த ஆண்டோடு நின்றுபோயின. ஆனாலும் அவர் காட்டிய வழி உலகெங்கும் நிலைத்துவிட்டது. நம் நாட்டில் கோலத் தெம்பிலிங்கிலிருந்து தாமான் நெகாராவுக்குப் போகும் நீண்ட மரப்படகின் பின்னாலும், சரவாக் ஆறுகளில் ஓடும் படகுகளின் பின்னாலும் உறுமுவது அந்த வழியில் வந்த மோட்டாரே.

மோட்டார் வந்துவிட்டது. ஆனால் ஓய்வு நேரம்? வாரத்தில் ஏழு நாளும் உழைக்கிறவனுக்குப் படகு எதற்கு? அமெரிக்காவில் 1938ஆம் ஆண்டு நேர்மையான தொழில் தர நிர்ணயச் சட்டம் இயற்றப்பட்டது. அதன்படி 1940 முதல் வாரத்துக்கு நாற்பது மணிக்கு மேல் வேலை வாங்கினால் ஒன்றரை மடங்கு சம்பளம் கொடுக்க வேண்டும் என்ற விதி நடப்புக்கு வந்தது. சனியும் ஞாயிறும் பெருவாரியான ஆலைத் தொழிலாளர்களுக்குச் சொந்தமாயின. அந்தச் சட்டம் தோட்டத்திலும் வயலிலும் பாடுபட்டவர்களை அன்று சேர்த்துக்கொள்ளவில்லை என்பதையும் நாம் மறக்கக்கூடாது. ஏரி எல்லாருக்கும் முன்னால்தான் இருந்தது. ஓய்வு மட்டும் சிலருக்கு முன்னதாகவும் சிலருக்குப் பின்னதாகவும் கிடைத்தது.

புதிய ஏரிகளும் தோன்றின. மின்சாரத்துக்கும் வெள்ளத் தடுப்புக்கும் அணைகள் கட்டப்பட்டன. அணைக்குப் பின்னால் நீர் தேங்கி ஏரியாயிற்று. டென்னசி ஆற்றுப் பள்ளத்தாக்கில் 1933க்குப் பிறகு இப்படிப் பல ஏரிகள் உருவாயின. நம் நாட்டிலும் இதே கதைதான். பேராக் ஆற்றில் 1930இல் இயங்கத் தொடங்கிய செண்டரோ அணையும், 1970களில் எழுந்த தெமெங்கோர் அணையும், திரங்கானுவில் 1985இல் முடிந்த கென்யிர் அணையும் தந்த ஏரிகள் நமக்குத் தெரியும். தைப்பிங் ஏரிப் பூங்காவோ பழைய ஈயக் குட்டைகளிலிருந்து பிறந்தது.

இனிப் படகின் உடலைப் பார்ப்போம். மரப்படகு அழகானது. ஆனால் அதற்கு ஒரு குணம் உண்டு. கரையில் நெடுநாள் கிடந்தால் பலகை காய்ந்து சுருங்கும்; இடுக்கு விடும். நீரில் இறக்கியதும் ஒழுகும். நன்றாக ஊறிய பிறகுதான் பலகை உப்பி இடுக்கு அடையும். ஆண்டுதோறும் இடுக்குகளை அடைத்துச் சாயம் பூச வேண்டும். வாரம் ஒரு நாள் மட்டும் ஏரிக்குப் போகிறவனுக்கு இது பெரும் தொல்லை.

1944இல், போர் விமானங்கள் செய்துவந்த கிரம்மன் நிறுவனத்தைச் சேர்ந்த வில்லியம் ஹாஃப்மன் என்பவர் அடிராண்டாக் மலைப்பகுதியில் விடுமுறைக்குப் போனார். ஓர் ஏரியிலிருந்து மறு ஏரிக்குத் தம் மரப்படகைத் தோளில் சுமந்து நடந்தார். சுமை தோளை அழுத்த அழுத்த, "விமானம் செய்யும் அலுமினியத் தகட்டில் படகு செய்தால் என்ன?" என்ற எண்ணம் பிறந்தது. போர் முடிந்தது. விமானத் தொழிலாளர்களுக்கு வேலை குறைந்தது. 1945இல் அதே நிறுவனம் அலுமினியப் படகுகளைச் செய்யத் தொடங்கியது. தகட்டை அச்சில் இழுத்து இரண்டு பாதிகளாகச் செய்து, அடித்தண்டில் ஆணி அறைந்து பொருத்தினார்கள். 13 அடிப் படகின் கனம் 38 ராத்தல்தான். அது காயாது, ஊறாது, கறையான் அரிக்காது.

அடுத்து வந்தது கண்ணாடி இழைப் படகு. கண்ணாடி நூலால் நெய்த துணியை அச்சின்மீது விரித்துப் பிசின் பூசினால், இறுகி ஒரே ஓடாகிவிடும். இடுக்கே இல்லாத படகு! ஆனால் கண்ணாடி மரத்தைப் போல மிதக்காது. தண்ணீர் புகுந்தால் அடியோடு மூழ்கிவிடும். 1958இல் ரிச்சர்டு ஃபிஷர் என்ற அமெரிக்கர் இதற்கு விடை கண்டார். உள் ஓடு ஒன்று, வெளி ஓடு ஒன்று. இரண்டுக்கும் நடுவே நுரை போன்ற மிதவைப் பொருள். 1961இல் அவர் நீரில் நின்ற படகில் அமர்ந்துகொண்டே அதை ரம்பத்தால் இரண்டாக அறுக்கச் செய்தார். இரண்டு பாதியும் மூழ்கவில்லை! லைஃப் என்ற ஏடு அந்தப் படங்களை வெளியிட்டது. பார்த்தவர்கள் வியந்தார்கள். கவிழ்ந்தாலும் பிடித்துக்கொள்ள ஒரு படகு மிஞ்சும் என்ற உண்மை மக்கள் மனத்தில் பதிந்தது.

விலை குறைந்த படகுக்கு வழிகாட்டியது இங்கிலாந்து. 1963இல் டெய்லி மிரர் என்ற நாளிதழின் ஆதரவில் "மிரர்" என்ற சிறு பாய்மரப் படகு வெளிவந்தது. ஜாக் ஹோல்ட் என்ற படகு வல்லுநரும், தொலைக்காட்சியில் கைவேலை கற்றுக்கொடுத்த பாரி பக்நெல்லும் சேர்ந்து அதை உருவாக்கினார்கள். நீளம் 10 அடி 10 அங்குலம். வெட்டிய ஒட்டுப்பலகைத் துண்டுகள் பெட்டியில் வரும். அவற்றைச் செம்புக் கம்பியால் துணி தைப்பதுபோல் தைத்து, தையல்மேல் கண்ணாடி இழை நாடாவை ஒட்டிப் பிசின் பூச வேண்டும். பட்டறை வேண்டாம், தச்சர் வேண்டாம், வீட்டுக் கூடமே போதும். தொடக்க விலை 63 பவுன் 11 ஷில்லிங். எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட படகுகள் செய்யப்பட்டன. சிவப்புப் பாய் கட்டிய அந்தப் படகில் எத்தனையோ தொழிலாளர் பிள்ளைகள் காற்றைப் பிடிக்கக் கற்றுக்கொண்டார்கள்.

இவ்வளவும் நல்ல செய்தி. இப்போது கசப்பான செய்தி ஒன்று. படகு மலிவானதும், நீரைப் பற்றி அறியாதவர்களும் படகு வாங்கினார்கள். ஆறு பேர் ஏற வேண்டிய படகில் பத்துப் பேர் ஏறினார்கள். சிறிய படகில் பெரிய மோட்டாரை மாட்டினார்கள். பின்பக்கம் தாழ்ந்தது, அலை உள்ளே புகுந்தது, படகு கவிழ்ந்தது. நீச்சல் தெரிந்தவர்களும் மாண்டார்கள். விற்றவனைக் கேட்டால், "நான் படகை மட்டுந்தானே விற்றேன்" என்பான்.

ஆகவே, 1971இல் அமெரிக்க அரசு படகுப் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவந்தது. அதன் கீழ் வந்த விதிகள் 1972 முதல் நடப்புக்கு வந்தன. 20 அடிக்குக் குறைந்த சாதாரண மோட்டார் படகுகளில் ஒரு சிறு தகடு ஒட்டியிருக்க வேண்டும். எத்தனை பேர் ஏறலாம், மொத்தம் எவ்வளவு கனம் தாங்கும், எத்தனை குதிரைச் சக்தி மோட்டார் மாட்டலாம் என்ற மூன்றும் அதில் எழுதியிருக்க வேண்டும். நீர் நிரம்பினாலும் மிதக்கும்படி மிதவைப் பொருளும் உள்ளே இருக்க வேண்டும். உள்ளங்கை அளவுள்ள அந்தத் தகட்டுக்குப் பின்னால் எத்தனையோ குடும்பங்களின் கண்ணீர் இருக்கிறது.

இந்த வரலாற்றிலிருந்து, படகு வாங்குகிறவன் கேட்க வேண்டிய கேள்விகளை நாமே எடுத்துக்கொள்ளலாம்.

முதல் கேள்வி: எந்த நீருக்கு இந்தப் படகு? அடி தட்டையான படகு, குட்டையிலும் ஆழமில்லாத ஓரத்திலும் ஆடாமல் நிற்கும். மீன் பிடிக்க ஏற்றது. ஆனால் பெரிய ஏரியில் காற்று அடித்தால் அலை அதன் அடியில் அறையும். அடி கூராக இறங்கிய படகு அலையைக் கிழித்துப் போகும்; ஆனால் நிற்கும்போது சற்று அசையும், ஆழமும் வேண்டும். ஏரி எவ்வளவு அகலமோ, அவ்வளவுக்குக் காற்று ஓட இடமுண்டு, அலையும் எழும். "ஏரிதானே, கடலா?" என்று எண்ணுவது தவறு.

இரண்டாவது: எத்தனை பேர்? தகடு இருந்தால் அதைப் படியுங்கள். தகடு இல்லாத படகுக்கு அமெரிக்கக் கடலோரக் காவல் படை ஒரு கணக்குச் சொல்லியிருக்கிறது. படகின் நீளத்தையும் அகலத்தையும் அடியில் அளந்து, பெருக்கி, 15ஆல் வகுக்க வேண்டும். 12 அடி நீளம், 5 அடி அகலம் என்றால் பெருக்கினால் 60. பதினைந்தால் வகுத்தால் 4. நான்கு பேர் ஏறலாம். ஆளுக்கு 150 ராத்தல் என்று வைத்து, அமைதியான வானிலைக்குச் சொன்ன கணக்கு இது. 20 அடிக்குக் குறைந்த சாதாரணப் படகுகளுக்கே பொருந்தும். ஒடுங்கிய கட்டுமரத்துக்கும் தோணிக்கும் பொருந்தாது.

மூன்றாவது: என்ன பொருளால் ஆனது? பழைய படகு வாங்குகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். மரப்படகானால் பலகை உளுத்திருக்கிறதா என்று பாருங்கள். அலுமினியமானால் ஆணிகளின் ஓரம் ஒழுகுகிறதா என்று உள்ளே நீர் ஊற்றிப் பார்க்கலாம். கண்ணாடி இழைப் படகின் பின்பக்கப் பலகைக்குள் பெரும்பாலும் மரம் மறைந்திருக்கும். மேலே பளபளக்கும், உள்ளே அழுகியிருக்கும். தட்டிப் பாருங்கள். நல்ல மரம் 'டக்' என்று ஒலிக்கும். அழுகியது மந்தமாக ஒலிக்கும். மோட்டாரின் கனம் முழுவதையும் தாங்குவது அந்தப் பலகைதான். மாடு வாங்குகிறவன் பல்லைப் பிடித்துப் பார்ப்பதுபோல, படகு வாங்குகிறவன் பின்பலகையைத் தட்டிப் பார்க்க வேண்டும்.

நான்காவது: மோட்டார் எவ்வளவு? பெரிது எல்லாம் நல்லதன்று. தகடு சொல்லும் அளவுக்கு மேல் மாட்டக்கூடாது. மோட்டாரை நிறுத்தும் கயிறு ஒன்று உண்டு. ஓட்டுபவர் அதை உடம்பில் மாட்டிக்கொண்டால், அவர் தவறி நீரில் விழுந்ததும் மோட்டார் நின்றுவிடும். ஆளில்லாத படகு சுற்றிச் சுற்றி வந்து விழுந்தவரையே வெட்டாமல் இது காக்கும். அமெரிக்காவில் 2021 ஏப்ரல் முதல் சிறிய மோட்டார் படகுகளை ஓட்டும்போது இதை மாட்டிக்கொள்வது கட்டாயமாக்கப்பட்டது.

ஐந்தாவது, விலை. படகின் விலை மட்டுமே விலையன்று. ஏறுகிற ஒவ்வொருவருக்கும் ஒரு மிதவைச் சட்டை, கூடுதல் துடுப்பு, கயிறு, நீர் இறைக்கும் சட்டி, படகை இழுத்துச் செல்லும் வண்டி, ஆண்டுப் பராமரிப்பு எல்லாவற்றையும் கூட்டியே விலை பார்க்க வேண்டும். பணம் போதவில்லை என்றால் சிறிய படகு வாங்கலாம். மிதவைச் சட்டையைக் குறைக்கக்கூடாது. பிள்ளைக்குப் பிள்ளையின் அளவுச் சட்டை வேண்டும். பெரியவர் சட்டையைப் பிள்ளைக்கு மாட்டினால், நீரில் சட்டை மேலே போகும். பிள்ளை கீழே போகும்.

நேயர்களே, தொடக்கத்தில் படகே வாங்காதவர்களுக்கும் பயன் உண்டு என்று சொன்னேன் அல்லவா? அது இதுதான். நம்மில் பெரும்பாலோர் படகு வாங்கப் போவதில்லை. ஆனால் பள்ளி விடுமுறையில் ஏரிக்குப் போவோம். கோயில் திருவிழாவுக்கு ஆற்றைக் கடப்போம். உறவினர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போன இடத்தில் பிள்ளைகள் படகில் ஏற வேண்டும் என்று அடம்பிடிப்பார்கள். படகுக்காரர், "இன்னும் இரண்டு பேர் ஏறலாம், வாங்க" என்பார். கூட்டத்தில் வாய் திறக்கக் கூச்சமாக இருக்கும்.

அந்த நேரத்தில் கூச்சப்படாதீர்கள். வாங்குகிறவன் கேட்கும் கேள்வியை ஏறுகிறவனும் கேட்கலாம். "ஐயா, இந்தப் படகில் எத்தனை பேர் ஏறலாம்? மிதவைச் சட்டை எல்லாருக்கும் இருக்கிறதா? பிள்ளைக்குச் சின்னச் சட்டை உண்டா?" இந்த மூன்று கேள்விக்கும் பணம் செலவில்லை. பதில் சரியாக இல்லையென்றால், பிள்ளை அழுதாலும் பரவாயில்லை. அடுத்த படகுக்குக் காத்திருங்கள். அழுத பிள்ளை சிறிது நேரத்தில் சிரித்துவிடும்.

ஓலே எவின்ரூட் பெரிய பட்டம் பெற்றவரல்லர். பிழைக்க வந்த குடும்பத்துப் பிள்ளை. தாம் பட்ட சிரமத்தைத் தம்மோடு விட்டுவிடாமல், "இதை எப்படிக் குறைக்கலாம்?" என்று கேட்டார். ஹாஃப்மன் தோள் வலித்தபோது கேட்டார். ஃபிஷர் படகு மூழ்குமே என்று கேட்டார். ஒவ்வொரு கேள்வியும் படகை ஒரு முழம் நம் பக்கம் தள்ளிக்கொண்டு வந்தது. உங்கள் பிள்ளை ஏரிக்கரையில் நின்று, "அப்பா, இந்தப் படகு ஏன் மிதக்குது?" என்று கேட்டால், "சும்மா இரு" என்று அடக்காதீர்கள். தெரிந்ததைச் சொல்லுங்கள், தெரியாததை அவனோடு சேர்ந்து தேடுங்கள்.

நீர் எல்லாருக்கும் பொதுவானது. அதில் இறங்கும் அறிவும் எல்லாருக்கும் பொதுவாகட்டும்.